கூட்டத்தோடு நின்று பார்க்காதீர்கள், பின்பக்கம் போங்கள்: ஆஸ்திரேலியாவின் பிரிட்டிஷ் மாடல் ரயில்காரர்களோடு நம் அனுபவங்கள்

சிட்னியிலிருந்து:

பிரிட்டிஷ் ரயில்வேயை மட்டுமே மாடலாகச் செய்கிறவர்களுக்கென்று இங்கே தனியாக ஒரு சங்கம் இருக்கிறது. பெயர் பிரிட்டிஷ் ரயில்வே மாடலர்ஸ் ஆஃப் ஆஸ்திரேலியா. இது தவிர ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் குழுக்கள். யாராவது ஒருவர் வீட்டுக் கராஜில் கூடுவார்கள், கண்காட்சி வந்தால் லேஅவுட்டை (பலகை மேல் தண்டவாளம், ஸ்டேஷன், ஊர் எல்லாம் அமைத்த மாடலை) கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இவர்களோடு பழகியவர்கள் உங்கள் கதையை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பையனுக்கு ரயில் பைத்தியம் முற்றியிருந்த சமயம். சிட்னியின் லிவர்பூல் புறநகரில் கண்காட்சி என்று கேள்விப்பட்டுக் கூட்டிப்போனேன். (ஹார்ன்பி மாடல் ரயில்களைத் தொடங்கிவைத்த ஃபிராங்க் ஹார்ன்பி 1863-ல் பிறந்தது இங்கிலாந்தில் இருக்கும் அசல் லிவர்பூலில். இந்தப் பொருத்தத்தை அங்கே இருந்த யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.) பையன் சுரங்கப்பாதை வாயிலை விட்டு நகரவில்லை. நான் கைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லேஅவுட்டில் வண்டி போகலாம் என்றால் கை கீழே இறங்குகிறது, நம் ஊர் மாதிரியே. பக்கத்து லேஅவுட்டில் மேலே தூக்குகிறது. ஏன் என்று கேட்டேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும், கையில் பாதி சாண்ட்விச்சோடு நின்றிருந்தவர் அதை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் வரச் சொன்னார்.

விஷயம் இதுதான். 1920-களுக்குப் பிறகு பிரிட்டனின் மற்ற ரயில் கம்பெனிகள் மேலே தூக்கும் கைக்கு மாறிக்கொண்டே வந்தன. கிரேட் வெஸ்டர்ன் மட்டும் இறங்கும் கையை விடவில்லை. அவருடைய லேஅவுட் கிரேட் வெஸ்டர்ன் கிளைப்பாதை. அதுவும் 1930-களில் ஒரு கோடைக்காலம் என்று முடிவு செய்துவைத்திருக்கிறார், அதற்குப் பிந்தைய ஒரு வேகன்கூட உள்ளே வரக் கூடாது.

பின்பக்கம் தனி உலகம். முன்னால் புல்வெளி, ஆடு, தேவாலயம். பின்னால் வெறும் பலகை, ஒயர் காடு, ஏழெட்டு தண்டவாளங்களில் வரிசைக்குக் காத்திருக்கும் வண்டிகள். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மணி. ஒரு தட்டு தட்டினால் 'கவனி' என்று அர்த்தம், அடுத்த முனைக்காரர் அதையே திருப்பித் தட்டுவார். நாலு தட்டு என்றால் எக்ஸ்பிரஸுக்கு லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்பது. மூன்று, இடைவெளி, ஒன்று என்றால் சாதா பாசஞ்சர். வண்டி கிளம்பியதும் இரண்டு. போய்ச் சேர்ந்ததும் இரண்டு, இடைவெளி, ஒன்று. இத்தனையும் முடியாமல் அடுத்த வண்டி ஓர் அங்குலம் நகராது. முன்னால் நிற்கும் குழந்தைகள் "ஏன் ரயில் வரல" என்று சிணுங்குவதைப் பற்றி இவர்களுக்குக் கவலையே இல்லை!

என் மாமா தென்னக ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். லைன் கிளியர், பிளாக் மணி எல்லாம் சின்ன வயதில் அவர் அறையில் உட்கார்ந்து பார்த்ததுதான். அதைச் சொன்னேன். அவ்வளவுதான், அன்று மதியம் ஒரு முனை மணி என் கைக்கு வந்துவிட்டது. இவர்களை நெருங்க வேண்டுமா? "எவ்வளவு செலவாச்சு" என்று கேட்காதீர்கள், அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வண்டி எப்படி நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள்.

பெர்த்திலிருந்து:

எங்கள் பக்கத்துக் குழுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு எஞ்சின்கள் மட்டும் தனியாக நிற்கும். பச்சை நிற ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன், பச்சை நிற பெண்டென்னிஸ் காஸில். இரண்டும் ஒரே பச்சை இல்லை என்று எனக்கு அரைமணி நேரம் பாடம் நடந்தது. அதை விடுங்கள். அவை ஏன் பெர்த்தில் ஜோடியாக நிற்கின்றன என்பதுதான் கதை.

1925-ல் இவற்றை வைத்திருந்த இரண்டு போட்டி ரயில் கம்பெனிகளும் (ஸ்காட்ஸ்மேன் லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்னுடையது, காஸில் கிரேட் வெஸ்டர்னுடையது) எஞ்சினை மாற்றி ஓட்டிப் பார்த்தன. பெண்டென்னிஸ் காஸில் உருவத்தில் சின்னது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து, எதிராளியின் சொந்தப் பாதையிலேயே, அவர்களுடைய பெரிய எஞ்சின்களைவிடக் குறைவான கரியில் ஓடிக் காட்டியது. அதே வருடம் வெம்ப்ளி கண்காட்சியில் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேனுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியும் வைத்தார்கள். பிறகு 1977-ல் ஹேமர்ஸ்லி அயர்ன் என்ற இரும்புத்தாதுக் கம்பெனி பெண்டென்னிஸ் காஸிலை வாங்கி மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவுக்குக் கொண்டுவந்தது. 1988-ல் ஆஸ்திரேலியாவின் இருநூறாம் ஆண்டுக்கு ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேனும் கப்பலில் வந்தது. 1989-ல் இரண்டும் பெர்த்தில் சந்தித்துக்கொண்டன. அந்த வருடம் ஆகஸ்ட் 8 அன்று பார்க்ஸிலிருந்து புரோக்கன் ஹில் வரை 679 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் ஓடி நீராவி எஞ்சினுக்கான உலக சாதனையையும் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் ஆஸ்திரேலியாவில்தான் செய்தது.

பெட்டியின் சொந்தக்காரர் பில்பராவில் ஃபிட்டராக இருந்தவர். செம்மண் புழுதிக்கு நடுவில் ஒரு கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின் புகை விட்டுக்கொண்டு போனதை நேரில் பார்த்திருக்கிறார். அதனால் அவருடைய மாடலின் சக்கரங்களில் செம்மண் நிறம் அடித்திருக்கிறார். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். இவர் அசரவில்லை. எஞ்சின் 2000-ல் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் 2022-ல் டிட்காட்டில் மறுபடி நீராவி ஏற்றி ஓடுகிறது, அங்கே போய்ச் சுத்தமான சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

அடிலெய்டிலிருந்து:

கராஜ் வெயிலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கிளப் ஆட்களின் தலையாய பிரச்சினை அதுதான். ஜனவரியில் தகரக் கூரைக் கராஜுக்குள் நுழையவே முடியாது. நிக்கல் சில்வர் தண்டவாளம் 10 மீட்டர் நீளம் இருந்து சூடு 30 டிகிரி ஏறினால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். போதாக்குறைக்கு அடியில் இருக்கும் மரப்பலகை வறட்சியில் சுருங்கும். இடைவெளி விடாமல் இணைத்திருந்தால் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து நிற்கும். கடையில் வாங்கிய இங்கிலாந்துப் புத்தகம் எதிலும் இதற்கு வழி கிடையாது, அங்கே ஈரத்தைப் பற்றித்தான் கவலை. இங்கே ஒரு பெரியவர் காட்டிக் கொடுத்த முறை: வெயில் நாளில்தான் தண்டவாளம் பதிக்க வேண்டும், இணைப்பில் விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி. ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ஒயர் பற்றவைக்க வேண்டும், இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரம் விடக் கூடாது.

மெல்போர்னிலிருந்து:

சிட்னி அண்ணா எழுதியதை வாசித்ததும் எனக்கும் எழுத வேண்டும்போல் இருந்தது. எங்கட அப்பா இலங்கையில் வடபகுதிப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர். இங்கே ஒரு ஸ்கொட்லாந்து ஒற்றைப்பாதை லேஅவுட்டில், சாரதி போல நிற்பவர் கையில் ஒரு வட்டத் தகட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை விட்டார். எனக்கு உடனே விளங்கிவிட்டது, அது டேப்லட். அது கையில் இல்லாமல் ஒற்றைப்பாதையில் எந்த ரயிலும் இறங்க ஏலாது.

1874-ல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப்பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதற்குப் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் 1878-ல் காப்புரிமை எடுத்த ஏற்பாடு இது. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள பெட்டிகள் ஒன்றோடொன்று மின்சாரத்தால் பூட்டப்பட்டிருக்கும். ஒரு டேப்லட் வெளியே வந்துவிட்டால் அது திரும்ப உள்ளே போகும்வரை எந்தப் பக்கமும் இன்னொன்று வராது. அப்பா அந்தப் பெட்டியோடுதான் வேலை செய்தவர். அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கதிரையில் இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, ஆறேழு வெள்ளைக்காரக் கிழவர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். அவர்களில் ஒருவரும் உண்மையான டேப்லட் பெட்டியை இயக்கியதில்லை. அப்பாவின் ஆங்கிலம் நிதானமானது. ஓடுகிற ரயிலில் இருந்து டேப்லட் வைத்த வளையத்தை எப்படி வாங்குவது என்று காட்ட எழும்பியவர் பக்கத்தில் நின்றவரின் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டார். ஒருவரும் சட்டை செய்யவில்லை, திரும்பவும் செய்து காட்டச் சொன்னார்கள்.

பிரிஸ்பேனிலிருந்து:

பிள்ளைகளோடு போகிறவர்கள் இங்கிள்நூக் புதிர் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று சைடிங் (வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் கிளைத் தண்டவாளம்), ஒன்றில் 5 வேகனுக்கும் மற்ற இரண்டில் மும்மூன்றுக்கும் இடம். ஆனால் இருப்பது மொத்தம் 8 வேகன். சீட்டு எடுத்து வரும் 5 வேகனை, வந்த வரிசைப்படியே கோக்க வேண்டும். 6,720 விதமாக வரலாம் என்பதால் அலுக்காது. என் மகள் என்னைத் தோற்கடித்துவிட்டு இப்போது வீட்டில் தீப்பெட்டிகளை வைத்து ஆடுகிறாள்.

கான்பெராவிலிருந்து:

எனக்கு ஒரு சந்தேகம், அதைக் கிளப்பிலேயே கேட்டுவிட்டேன். பிரிட்டிஷ் மாடல்களின் ஓஓ அளவில், அசலில் ஓர் அடி என்றால் மாடலில் 4 மில்லிமீட்டர். கணக்குப்படி அவர்கள் ஊர்த் தண்டவாளம் 18.83 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், ஆனால் ஓடுவது 16.5-ல். அந்தக் காலத்தில் மோட்டார் உள்ளே அடங்காததால் உடம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு சொச்சம் மில்லிமீட்டருக்காக நட்பு முறிந்த கதைகள்கூட உண்டு. அப்படியானால் நம் பிராட் கேஜுக்கு? 5 அடி 6 அங்குலம், சரியாக 22 மில்லிமீட்டர் வரும், எல்லாம் கையால்தான் செய்ய வேண்டும். மீட்டர் கேஜ் என்றால் வழி இருக்கிறது என்றார் ஒருவர். ஹெச்ஓ அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கு, 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டால் 1,044 மில்லிமீட்டர் கணக்கு வருகிறது. மீட்டருக்கு அவ்வளவு பக்கம். அந்தத் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கும்.

அவரே பலகை அறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய மாயவரம் ஜங்ஷன் செய்யலாம் என்று யோசனை. மீட்டர் கேஜ் காலத்து யார்டு வரைபடமோ, சிக்னல் கேபின் தெரிகிற புகைப்படமோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, எந்த லைனில் கூட்ஸ் நிற்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.