புதுப்பிப்பு: ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு லேசரா, ஸ்காட்டா?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பயிற்சியை வீட்டிலும் தொடர, விலை குறைந்த லேசர் கருவி போதுமா, குழலின் அசைவைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்காட் (SCATT) போன்ற கேமரா உணரி வேண்டுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இறுதியில் ஸ்காட் எம்எக்ஸ்-02 வாங்கினேன்.

இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளியாக இருக்கும் இந்தப் போட்டியில், குண்டு எங்கே பட்டது என்பதைவிட, அதற்கு முன் குழல் எப்படி அசைந்தது என்பதே எனக்குத் தேவைப்பட்டது. நான் பார்த்த லேசர் கருவியோ பட்ட இடத்தை மட்டுமே காட்டியது. ஸ்காட் திரையில் கடைசி நொடியின் அசைவு மஞ்சளாகவும், அதன் இறுதி 0.2 நொடி நீலமாகவும், சுட்ட பிறகான அசைவு சிவப்பாகவும் தெரிகின்றன. என் மஞ்சள் கோடு நடுவிலேயே சுருண்டு கிடக்க, நீலம் மட்டும் வலப்பக்கம் கீழே இழுபட்டது. பிடிமானத்தில் குறையில்லை, விரல்தான் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறது என்பது அப்போதே தெளிவானது.

வீட்டில் 5 மீட்டர் இடம்தான் இருக்கிறது என்று கேட்டவருக்கு: மென்பொருளில் தூரத்தை மாற்றி, இலக்கின் 30.5 மி.மீ. கருவட்டத்தைப் பாதியாகச் சுருக்கி அச்சிட்டால் போதும். இலக்கின் மீது சீரான, மினுமினுக்காத வெளிச்சம் விழ வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. உணரியைக் குழலின் முனையில் மாட்டுவதால் முன்பாரம் சற்றுக் கூடும்; குழலில் சமநிலைக்காக மாட்டியிருக்கும் முனை எடையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்துகொண்டேன். கைபேசியுடன் இணையும் கம்பியில்லா வகை வேண்டுவோர் எம்எக்ஸ்-டபிள்யூ2-ஐப் பார்க்கலாம். மடிக்கணினி இருப்பதால் எனக்கு நான் வாங்கிய கம்பி வகையே போதுமானது.