நாட்டு மருந்துப் பொடியும் அப்பா கிட்னியும்: உங்க வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்க

சாயல்குடிக்காரன்:
அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு. காலில் கரப்பான், ராத்திரி முழுக்கச் சொறிவார். சந்தையில் ஒரு வைத்தியர் கொடுத்த பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்க ஆரம்பிச்சார். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பல் பச்சையா இருக்கும். மூடியைத் திறந்தாலே தொண்டை கசக்கும். அரிப்பு குறைஞ்சது உண்மை, அதனால வருஷக்கணக்கா விடலை. ஆஸ்பத்திரியில் "வேற மருந்து எடுக்குறீங்களா"ன்னு கேட்டா "இல்லை"ம்பார். அவர் கணக்குல மூலிகையெல்லாம் ஒரு மருந்தே கிடையாது.

கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்டான கிரியேட்டினின் ஏறினதும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. டாக்டரம்மா விடாம துருவி, பாட்டிலையே கொண்டுவரச் சொன்னாங்க. வைத்தியருக்குப் போன் போட்டுக் கேட்டா, பொடியில் பெரும்பங்கு ஆடுதின்னாப்பாளைங்கிற மூலிகை.

அதுல இருக்குற அரிஸ்டோலோக்கிக் அமிலம் கிட்னியை மெல்ல மெல்லச் சுருக்கிடுமாம். கிட்னியிலிருந்து மூத்திரப்பை வரைக்கும் உள்ள பாதையில் கேன்சரையும் கிளப்பும். பெல்ஜியத்துல 1990-கள் தொடக்கத்துல உடம்பு இளைக்கச் சாப்பிட்ட மாத்திரையில் இதே குடும்பத்துச் செடி கலந்து, பல பெண்களுக்குக் கிட்னி போயிருச்சு. பிறகு கிட்னியை எடுத்த 39 பேரைச் சோதிச்சதுல 18 பேருக்குக் கேன்சர். 2000-ல் வந்த ஆய்வு. நிறுத்திப் பல வருஷம் கழிச்சும் வரலாமாம்.

அப்பாவுக்கு இப்போதைக்குக் கேன்சர் இல்லை. கிட்னி கெட்டதுக்கு இந்தப் பொடிதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னும் டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. ஸ்கேனும் யூரின் டெஸ்ட்டும் தொடருது. அப்பாவுக்குத்தான் வைத்தியரை விட மனசில்லை!

கீழக்கரை மகள்:
எங்க வாப்பா அந்தக் காலத்துலருந்து சிகரெட். மலேசியாவுல இருந்து வர்ற சொந்தக்காரங்க "கண்ணுக்கு நல்லது"ன்னு, கேரட்டுல இருக்குற சத்தான பீட்டா கரோட்டின் மாத்திரையை டப்பா டப்பாவா கொண்டுவருவாங்க. செக்கப்புக்குப் போன இடத்துல டாக்டர் லேபிளைப் படிச்சுட்டு உடனே நிறுத்தச் சொன்னார். பின்லாந்துல புகைபிடிக்கிற 29,000-க்கும் மேற்பட்ட ஆம்பளைங்களை வெச்சு நடந்த ஆய்வு, 1994-ல் முடிவு வந்துச்சு. எல்லாரும் 50-லிருந்து 69 வயசு. இந்த மாத்திரை எடுத்தவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் கூடுதல். கேன்சர் குறையுமான்னு பார்க்கத்தான் ஆய்வையே ஆரம்பிச்சிருக்காங்க. கேரட் தின்னத் தடையில்லை. வாப்பா மாத்திரையை விட்டாச்சு, சிகரெட்டை இன்னும் விடலை.

பாம்பன்:
அம்மாவுக்குக் கீமோ நடக்குறப்ப, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூலை அக்கா வாங்கிக் கொடுத்துச்சு. ஈரல் டெஸ்ட் ஏறி, ஒரு கீமோ தள்ளிப்போச்சு. குழம்புக்குப் போடுற மஞ்சளுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை.

தொண்டிப் பேரன்:
எங்க அப்பத்தா வயித்துப் பூச்சிக்கு எப்பயாவது ஆடுதின்னாப்பாளை கசாயம் வெச்சுக் குடிக்கும். பயப்படணுமா?

சாயல்குடிக்காரன்:
இதையே நானும் டாக்டரம்மாகிட்ட கேட்டேன் தம்பி. கூடக்கூட ஆபத்து கூடும், ஆனா இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவு கிடையாதுன்னாங்க. ஈச்சுரமூலியும் அதே குடும்பம்தான். பூச்சிக்கு அரசு ஆஸ்பத்திரியிலயே மாத்திரை கொடுக்குறாங்க. அப்பத்தாவுக்கு ஒரு தடவை கிரியேட்டினின் பார்த்துருங்க. மூத்திரம் சிவப்பா போனா, வலி இல்லைன்னு சும்மா இருந்துடாதீங்க, அன்னைக்கே காட்டணும். கசாயம் குடிச்சதையும் சேர்த்துச் சொல்லுங்க. அப்பத்தா தானா சொல்லாது.