மீம் பார்த்து மனம் மாறிய ஆளை நேரில் பார்த்ததுண்டா?

டெல்டா_நர்ஸ்:

நான் கிராம சுகாதார செவிலியர். 2021 மே முதல் வாரம், பள்ளிக்கூடத்தில் கொரோனா தடுப்பூசி முகாம். நடிகர் விவேக் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊசி போட்டதால்தான் போனார் என்று அப்போது ஊருக்குள் ஓடிய பேச்சை நான் சொல்லவே வேண்டாம். வரிசையில் வந்த ஒரு பெரியவர் மேசை வரைக்கும் வந்துவிட்டார். நான் பஞ்சை எடுக்கிறேன், அவர் கைக்குப் பதில் போனை நீட்டுகிறார். கீறல் விழுந்த கண்ணாடி. மேலே விவேக் ஊசி போட்டுக்கொள்ளும் படம், கீழே மாலை போட்ட படம், ஓரத்தில் வடிவேலு திருதிருவென்று முழிக்கிறார். ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. "இதுக்கு என்னம்மா சொல்ற?" என்றார்.

ஏப்ரல் 15 ஊசி, 17 மரணம். இரண்டு தேதியும் சரிதான். மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். மத்தியக் குழு விசாரித்து அதையே சொன்னது அக்டோபரில். பெரியவர் என் முன்னால் நிற்பது மே மாதம். ரத்தக்குழாய் அடைப்பு என்று நான் ஆரம்பித்தேன். அவர் விரலை வைத்து மாலையைப் பெரிதாக்கிக் காட்டினார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், பாதி வரிசை கலைந்துவிட்டது. யாராவது எதிர்த்துப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது?

புனே_தமிழன்:

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது மீமே இல்லை. வடிவேலு முகம் ஒட்டிய வாட்ஸ்அப் வதந்தி. அசல் மீம் என்றால் 2019 மே மாத நேசமணிதான். ஒரு சிவில் எஞ்சினியரிங் ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, நம்மாள் ஒருவர் பெயரைச் சொன்னதோடு விடாமல் சுத்தியல் விழுந்து நேசமணி மண்டை உடைந்த கதையையும் சேர்த்துவிட, மறுநாள் பிரதமர் பதவியேற்பை வைத்துக்கொண்டு ட்விட்டர் முழுக்க நேசமணிக்குப் பிரார்த்தனை. 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு செய்த காமெடிக் கதாபாத்திரத்துக்கு!

எங்கள் டீம் லீட் ஒடிசாக்கார அம்மா. என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, உங்கள் ஊர்ப் பெரியவருக்குத் தலையில் அடியாமே, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஐசியூவில் இருக்கிறார் என்றேன். அந்த அம்மா ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிட்டார். இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அதில் என்ன கருத்து பரவியது? ஒன்றுமே இல்லை. மீம் கருத்தைப் பரப்பும் என்பதெல்லாம் சும்மா.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

ஒரு மாணவன் சமூக அறிவியல் விடைத்தாளில் நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக எழுதியிருந்தான். தவறு என்று சுழித்தேன். அவன் அப்பா பள்ளிக்கே வந்து, போனில் படத்தைக் காட்டி மதிப்பெண் கேட்டார்.

அது கிடக்கட்டும். செவிலியர் அம்மா, இனி இப்படி நடந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், அந்தப் படத்தை நீங்கள் மற்றவரிடம் காட்டி மறுக்காதீர்கள், அதுவும் பரப்புவதுதான். ஆளைத் தனியே அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள், கூட்டத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள், பொய்யை நடுவில் ஒருமுறை மட்டும், மறுபடி உண்மை. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வந்தால் பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். ஆனால் படத்தைச் சேமித்துப் புதிதாக அனுப்பினால் அந்தக் குறி வராது, ஆகவே குறி இல்லை என்பதால் நம்பிவிடவும் கூடாது. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால் பழைய படமா என்று தெரியும். இதை முகாமுக்கு வரும் தன்னார்வலர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் நல்லது.

டெம்ப்ளேட்_தம்பி:

ஐயா, அக்கா யோசனை கேட்கவே இல்லையே. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது லென்ஸில் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

நான் 2021 சட்டமன்றத் தேர்தலில் காசுக்கு மீம் செய்தவன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். புனே அண்ணன் சொல்வது அரைகுறை. நேசமணி வெறுங்கையோடுதான் வந்தார், ஆனால் அந்த டெம்ப்ளேட், அதாவது மீம் செய்ய எடுக்கும் அடிப்படைப் படம், எல்லார் கையிலும் இருக்கிறதே, அதில் அவரவர் அரசியலை ஏற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் வேலையே அதுதான். முகம் எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும், பார்க்கிறவர் அந்த முகத்துக்குரிய வசனத்தைத் தன் மனசுக்குள்ளேயே வடிவேலு குரலில் பேசிக்கொள்வார். கருத்தை நாங்கள் எழுத மாட்டோம். கடைசிப் படியை அவரே ஏறட்டும் என்று விட்டுவிடுவோம். நர்ஸ் அக்கா சொன்ன படத்தில் ஒரு எழுத்துகூட இல்லை பாருங்கள், செய்தவன் தொழில் தெரிந்தவன்.

உறுத்துவது வேறு. ஓட்டுப் போட அப்பத்தாவை வண்டியில் கூட்டிப்போனேன். வழியில் எதிரணி வேட்பாளரைப் பற்றி ஒரு சமாச்சாரம் சொன்னாள். நான் செய்த மீம்தான் அது. வடிவேலு, நக்கல் எல்லாம் வழியில் எங்கோ உதிர்ந்துபோய், வெறும் செய்தியாக வந்து நிற்கிறது. "யார் சொன்னா அப்பத்தா?" என்றேன். "ஊரே சொல்லுதுடா" என்றாள். அவளிடம் பட்டன் போன்தான்.

திருப்பூர்_பிரிண்டிங்:

2020 செப்டம்பர். "ஹிந்தி தெரியாது போடா" டீ-ஷர்ட் ட்ரெண்டான சமயம். கொரோனாவில் படுத்துக் கிடந்த யூனிட்டுக்கு ஆர்டர் வந்தது, வேண்டாம் என்பேனா? எதிர்ப்பக்கமும் அதே "போடா"வை வைத்துப் பதில் ஹேஷ்டேக் விட்டது. அவர்கள் ஆர்டர் கொடுத்திருந்தாலும் அடித்திருப்பேன், நமக்கு இங்க் ஒன்றுதான்.

ஸ்கிரீன் பிடித்து அடித்தது பீகார் பையன், ஊரடங்கிலும் ஊருக்குப் போகாமல் தங்கியவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. பிரேமைத் தூக்கி "போடா"வின் கால் சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்க்கிறான். "என்ன அண்ணா எழுதியிருக்கு?" என்று கேட்டான். ஏதோ சினிமாப் பேர் என்று சமாளித்தேன். இங்க் வழிந்த ரிஜெக்ட் பீஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் அதையே போட்டுக்கொண்டு வந்தான். சிங்கர் மெஷின் அக்காக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ அர்த்தத்தைச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். "அண்ணா, 'தமிழ் படிக்கத் தெரியாது போடா'ன்னு எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்றான்.

டெம்ப்ளேட்_தம்பி:

அண்ணே, அடித்துக் கொடுத்தீர்களா? போட்டோ இருந்தால் போடுங்கள், இன்று ராத்திரிக்குள் தமிழ்நாடு முழுக்கப் போய்விடும்.

திருப்பூர்_பிரிண்டிங்:

அடித்துக் கொடுத்தேன். போட்டோ தர மாட்டேன். பையன் இன்னும் என்னிடம்தான் வேலை பார்க்கிறான், நீங்கள் பாட்டுக்கு அவன் முகத்தில் எதையாவது ஏற்றிவிடுவீர்கள்.