கிண்டியில் சோலைக்கிளியா?

பெரம்பூர்க்காரன்: போன ஞாயிறு காலை கிண்டியில் சோலைக்கிளி பார்த்தேன். நீல முதுகு, வெள்ளை வயிறு. சென்னை வெயிலையே தாங்குகிற பறவைக்கு மலையில் காடு போச்சு என்று ஏன் இத்தனை கூப்பாடு?

சோலைப்பித்தன்: படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்துச் சோலைகளை, அதாவது அங்கிருக்கும் ஈரக் காடுகளை, விட்டால் சோலைக்கிளிக்கு வேறு இடமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி இனம். தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் வெள்ளை வயிற்று இனம். நீங்கள் பார்த்தது இமயமலையிலிருந்து வலசை வரும் இந்திய நீல ராபின். அதன் வயிறு ஆரஞ்சு.

பெரம்பூர்க்காரன்: வெள்ளை. என் கண்ணால் பார்த்தேன்.

சோலைப்பித்தன்: புருவம் வெள்ளையாக நீளமாக இருந்ததா? வாலடியில் மட்டும் வெள்ளையா? அப்படியானால் ராபின்தான். அதைக் கேட்டால் பதில் வராது.

வேளச்சேரி அக்கா: கிளி என்கிறீர்கள், மூக்கு வளையவே இல்லையே தம்பி?

சோலைப்பித்தன்: மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை, அக்கா. அங்கே சோலக்கிளி என்பார்கள். 2017இல் அறிவியலில் வைத்த பேரினப் பெயர் ஷோலிகோலாகூட சோலையை வைத்துத்தான்.

பெரம்பூர்க்காரன்: பெயர்க் கதை எதற்கு? வயிறு வெள்ளை.

அடையாறு கேமரா: பித்தன் சார், போன வருடம் நான் போட்ட ஆந்தைப் படத்தையும் இப்படித்தான் தப்பு என்றீர்கள்.

சோலைப்பித்தன்: தப்பு என்றது படத்தை இல்லை. கூட்டுக்குப் பக்கத்தில் போனில் குரலைப் போட்டு ஆந்தையை வரவழைத்தீர்களே, அதை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அடையாறு கேமரா: எல்லாரும் செய்கிறார்கள். என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?

சோலைப்பித்தன்: சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொடைக்கானலில் ஒரு விடியற்காலை, பாசி பிடித்த கிளையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அதைப் பார்த்தேன். இறங்கியது, ஈர இலையைப் புரட்டியது, ஒரு பூச்சியைக் கொத்திக்கொண்டு மறுபடி இருட்டுக்குள் போய்விட்டது. அந்த இருட்டும் ஈரமும்தான் அதற்கு வீடு. ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவில் தேயிலை, சீகை என்கிற வாட்டில் மரம், தைலமரம், ஊர் என்று வந்துவிட்டால் துண்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கிண்டியில் இருக்கிறது என்று எழுதினால், மலையில் மரம் வெட்டுகிறவனுக்குச் சாக்குக் கொடுத்த மாதிரி ஆகும்.

வேளச்சேரி அக்கா: பெரம்பூர்த் தம்பி, படம் இருந்தால் போடுங்களேன்.

பெரம்பூர்க்காரன்: போன் எடுப்பதற்குள் பறந்துவிட்டது அக்கா. ஆனால் முப்பது வருடமாகக் கிண்டி போகிறேன். எனக்கு ஆரஞ்சு எது, வெள்ளை எது என்று தெரியும்.

சோலைப்பித்தன்: புருவத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

பெரம்பூர்க்காரன்: வயிறு வெள்ளை.