கோல்ஃபில் புதிய வெட்ஜ்களால் ஷார்ட் கேம் சீராகுமா? மூன்று வாரச் சோதனையும் அதன் மேல் எழுந்த விவாதமும்

மணற்குழி (சென்னை):

அனைவருக்கும் வணக்கம். ஷார்ட் கேம், அதாவது குழிக்கு அருகிலிருந்து அடிக்கும் குறுந்தொலைவு அடிகள், புதிய மட்டையால் சீராகுமா என்று பார்க்க, கடந்த மூன்று வாரங்களாக மாலை வேளைகளில் என் பழைய வெட்ஜையும் (பந்தை உயரத் தூக்கி அடிக்கும், முகம் அதிகம் சாய்ந்த கோல்ஃப் மட்டை) நண்பர் இரவல் கொடுத்த மூன்று புதிய வெட்ஜ்களையும் அடித்து ஒப்பிட்டேன். கண்டதை இங்கே வைக்கிறேன். மறுக்க விரும்புபவர்கள் தயங்காமல் மறுக்கலாம்.

என் ஹேண்டிகேப் 17 (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது). ஒன்பது ஆண்டுகளாக என் பையில் இருப்பவை இரண்டே வெட்ஜ்கள். ஒன்று ஐயர்ன் (நடுத்தரத் தொலைவுக்கான உலோக மட்டை) செட்டோடு வந்த பிட்சிங் வெட்ஜ். மற்றது தனியாக வாங்கிய 56 டிகிரி சாண்ட் வெட்ஜ். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐயர்ன்களை மாற்றியபோது ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பழைய பிட்சிங் வெட்ஜின் முகச் சாய்வு 48 டிகிரி. புதியதில் அது 44. பந்து தொலைவாகப் போக வேண்டும் என்பதற்காகவே இப்போது வரும் பல ஐயர்ன்களைச் சாய்வு குறைத்துச் செய்கிறார்கள். ஆக, 44-க்கும் 56-க்கும் நடுவே 12 டிகிரி இடைவெளி விழுந்துவிட்டது. பிட்சிங் வெட்ஜை முழு வீச்சில் அடித்தால் பந்து 115 கஜம் போகும். சாண்ட் வெட்ஜில் 75 கஜம். நடுவில் உள்ள 40 கஜத்தை அரை வீச்சு, முக்கால் வீச்சு என்று குத்துமதிப்பாகவே இத்தனை நாளும் சமாளித்து வந்திருக்கிறேன்.

இரவல் வாங்கியவை 50, 54, 58 டிகிரி. கிரீனிலிருந்து (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) 15, 30, 60 கஜத் தொலைவுகளில் ஒவ்வொன்றாலும் இருபது பந்துகள் அடித்து, குழியிலிருந்து பந்து நின்ற இடம் வரை டேப் பிடித்து அளந்தேன். பெரிய வேறுபாடு தெரிந்தது 30 கஜத்தில்தான். பழைய 56-இல் ஆறு அடிக்குள் நின்றவை மூன்று, 54-இல் ஏழு. இதற்குக் காரணம் முகத்தில் உள்ள பள்ளக் கோடுகள் அல்ல, அடிப்பாகத்தின் வடிவம் என்று நினைக்கிறேன். பழையதன் பவுன்ஸ் 14 டிகிரி, அதாவது முன்விளிம்பைவிடப் பின்விளிம்பு அவ்வளவு தாழ்ந்திருக்கிறது. மே மாத வெயிலில் இங்கே புல்லுக்குக் கீழே மண் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. அதில் பழைய வெட்ஜ் இறங்காமல் எகிறி, முன்விளிம்பு பந்தின் நடு வயிற்றில் பட, பந்து தரையோடு பறந்து கிரீனைத் தாண்டிப் போகிறது. புதிய 54-இன் பவுன்ஸ் 8 டிகிரி. அது பந்துக்கு அடியில் நுழைந்து வழுக்கிக்கொண்டு போகிறது.

மணல் நிரப்பிய பள்ளமான பங்கரில் மட்டும் நேர்மாறாக நடந்தது. 58 டிகிரி வெட்ஜ் மணலில் புதைந்து நின்றது. பழைய 56 பந்தை அழகாகத் தூக்கி வெளியே போட்டது. முடிவாக, சரியான புதிய வெட்ஜ் ஷார்ட் கேமை மாற்றும் என்றே நான் நம்புகிறேன்.

பழைய இரும்பு (கோயம்புத்தூர்):

தம்பி, உழைத்துச் செய்திருக்கிறீர்கள், அதற்கு முதலில் என் பாராட்டு. ஆனால் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

முதலாவது, நீங்கள் அடித்த வரிசை. பழையதை முதலில் அடித்துவிட்டுப் புதியவற்றைப் பிறகு அடித்தீர்களா? அப்படியானால், முதல் அறுபது பந்துகளில் கை பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தின் பலனைப் பிறகு வந்த வெட்ஜ் வாங்கிக்கொண்டது. மூன்று வாரம் தினமும் மாலையில் கிரீனைச் சுற்றி நின்று பந்தடித்த ஒருவர், கையில் எதை வைத்திருந்தாலும் முன்னேறியிருப்பார். இரண்டாவது, இருபது பந்துகளில் மூன்றுக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாடு காற்று நின்ற நாளில் ஒன்றாகவும் காற்றடித்த நாளில் வேறாகவும் இருக்கும்.

செவே பயஸ்தேரோஸ் சிறுவனாக இருந்தபோது ஸ்பெயினின் பெத்ரேன்யா கடற்கரை மணலில் ஒரே ஒரு 3-ஐயர்னை வைத்துக்கொண்டுதான் எல்லா விதமான அடியையும் கற்றார். சாய்வே இல்லாதது போன்ற அந்த மட்டையின் முகத்தைத் திறந்து மணலிலிருந்து பந்தை உயர்த்தப் பழகிய கைகள் பின்னாளில் கோல்ஃபின் தலையாய போட்டிகளான மேஜர்களில் ஐந்து பட்டங்களை வென்றன. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் ஒவ்வொரு அடியையும் கணக்கிட்டு, சிறந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு அப்பால் அடிக்கும் அடிகளிலேயே உண்டாகிறது என்று காட்டியிருக்கிறார். மூன்று வெட்ஜ்களுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல பயிற்சியாளரிடம் பல பாடங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

மணற்குழி:

ஐயா, வரிசையைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. பழையதைத்தான் முதலில் அடித்தேன். அந்தக் குறையை மறைக்க விரும்பவில்லை. நேற்றும் இன்றும் ஐந்து பந்துக்கு ஒருமுறை மட்டையை மாற்றி 30 கஜச் சோதனையை மீண்டும் செய்தேன். இப்போது ஆறு அடிக்குள் நின்றவை பழையதில் ஐந்து, 54-இல் ஏழு. வேறுபாடு பாதியாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்தின் வயிற்றில் அடித்துக் கிரீனுக்கு அப்பால் போனவற்றை எண்ணினால், பழையதில் நான்கு, புதியதில் ஒன்று. என் மதிப்பெண் அட்டையைக் கெடுப்பது குழியிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும் பந்து அன்று. எதிர்ப்பக்கம் போய்ப் புதருக்குள் விழும் பந்துதான்.

பிராடியின் கணக்கை நானும் மதிக்கிறேன். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு அப்பால் என்றால், மீதி ஒரு பங்கு இப்பால் இருக்கிறது. மேலும் அது ஒரு சுற்றில் எத்தனை அடிகள் எங்கே அடிக்கிறோம் என்ற கணக்கன்று; ஆட்டக்காரருக்கும் ஆட்டக்காரருக்கும் உள்ள வேறுபாடு எங்கே பிறக்கிறது என்ற கணக்கு. தொலைதூர அடிக்கான டிரைவர் மட்டையில் என் ஆட்டத்தைச் சரிசெய்ய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகலாம். 44-க்கும் 56-க்கும் நடுவிலுள்ள ஓட்டையை அடைக்க ஒரு 50 டிகிரி வெட்ஜ் போதும்.

தேயிலைச்சரிவு (நுவரெலியா):

இருவருடைய கருத்துகளையும் ஆர்வத்தோடு வாசித்தேன். நீங்கள் இருவரும் காய்ந்த தரையை வைத்தே பேசுகிறீர்கள். நான் ஆடுவது கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே, 1889-இல் தொடங்கிய ஒரு கழகத்தின் மைதானத்தில். இங்கே பல காலைகளில் புல் பனியில் நனைந்தே இருக்கும். பவுன்ஸைப் பற்றிச் சென்னை நண்பர் சொன்னதை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் எங்கள் நிலைமை கிடைக்கும். பவுன்ஸ் குறைந்த வெட்ஜின் முன்விளிம்பு இங்குள்ள இளகிய மண்ணில் மண்வெட்டி போல இறங்கிவிடும். பந்தில் படுவதற்கு முன்பே புல்லோடு ஒரு பெரிய மண்கட்டி கிளம்பும், பந்தோ நின்ற இடத்திலிருந்து நாலடி நகரும். அவர் கைவிட நினைக்கும் அந்த 14 டிகிரிதான் எங்களுக்குத் தேவைப்படுகிறது.

பள்ளக் கோடுகளின் பயனும் நனைந்த புல்லில்தான் தெரியும். காய்ந்த ஃபேர்வேயில் (புல்லைக் குட்டையாக வெட்டிய நடுப்பாதை) சுத்தமான முகம் இருந்தால் தேய்ந்த வெட்ஜும் போதிய ஸ்பின் (பந்தை நிறுத்தும் பின்சுழற்சி) கொடுக்கும். ஈரமும் புல்லும் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே வரும்போது, வாகனத்தின் டயர்ப் பள்ளங்கள் மழைநீரை ஒதுக்குவது போல அந்தக் கோடுகள் நீரை வாங்கிக்கொள்ள வேண்டும். தேய்ந்துவிட்டால் பந்து முகத்தில் வழுக்கி மேலேறி, உயரமாகப் பறந்து, ஸ்பின் இல்லாமல் விழுந்து ஓடும். கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் கோடுகளின் கொள்ளளவையும் விளிம்பின் கூர்மையையும் கட்டுப்படுத்திய விதி 2010-இல் நடைமுறைக்கு வந்ததற்குக் காரணமும் இதுதான். அதற்கு முன் நீளப் புல்லிலிருந்தும் ஃபேர்வேயிலிருந்து அடிப்பதைப் போலவே தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தை நிறுத்தினார்கள்; ஃபேர்வேயில் பந்தை வைப்பதன் மதிப்பே குறைந்துபோயிற்று. அந்த ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் மிக்கெல்சன், பழைய வழக்கு ஒன்றின் உடன்பாட்டால் விலக்குப் பெற்றிருந்த, 1990 ஏப்ரலுக்கு முன் செய்யப்பட்ட பிங் ஐ-2 வெட்ஜைத் தேடி எடுத்துப் பையில் வைத்தார் என்றால், கோடுகளால் பயனில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

எந்தத் தரையில் சோதித்தோம் என்பதைச் சொல்லாத சோதனை யாருக்கும் உதவாது. எங்கள் நாட்டுக் கடையொன்றில் செயற்கைப் பாயின் மேல் நின்று அடித்துப் பார்த்து 60 டிகிரி வெட்ஜ் ஒன்றை வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் பாய் மட்டையை வழுக்கிக் கொண்டுபோய்ப் பந்தில் சேர்த்துவிடும். மண் அந்த மன்னிப்பைத் தராது.

புதுவரவு:

அண்ணன்மாரே, ஆட ஆரம்பித்து ஓராண்டுதான் ஆகிறது. சோதனைக்கு எந்தப் பந்தைப் பயன்படுத்தினீர்கள் என்று யாரும் குறிப்பிடவில்லையே? பயிற்சித் திடலில் கிடைக்கும் பந்தும் நாம் ஆடும் பந்தும் ஒன்றா?

மணற்குழி:

நல்ல கேள்வி, தம்பி. முதல் வாரம் திடலின் பந்துகளைத்தான் அடித்தேன். அந்த அளவுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மேலுறை கெட்டியான இரண்டடுக்குப் பந்தும் யூரித்தேன் உறை போட்ட பந்தும் கிரீனருகே வேறு வேறு பொருள்கள். யூரித்தேன் மென்மையாகக் கோடுகளைப் பற்றிக்கொள்கிறது. 54 டிகிரியால் அடித்த பிறகு முகத்தைத் தடவிப் பார்த்தால், கோடுகளின் விளிம்பில் பந்தின் உறை சீவப்பட்டு வெள்ளைத் துகளாக ஒட்டியிருக்கிறது. பழைய 56-இல் அப்படி எதுவுமில்லை. வெட்ஜை மாற்றும் முன் பந்தை மாற்றிப் பாருங்கள், செலவும் குறைவு.

பழைய இரும்பு:

நுவரெலியா நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஈரத்தில் தேய்ந்த முகம் ஏமாற்றும் என்பது எனக்கும் அனுபவம்தான். அடிப்பாகத்தின் வடிவம் முக்கியம் என்பதையும் நான் மறுக்கவில்லை. மறுத்தால் ஜீன் சாரசெனை மறுத்தவன் ஆவேன். விமானம் மேலெழும்போது அதன் வால் தாழ்வதைக் கண்டு, தம் நிப்ளிக் எனும் பழங்காலச் சாய்முக மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பைத் தாழ்த்தி, அதைக் கொண்டு 1932-இல் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர் அவர். இன்று நம் எல்லார் பையிலும் இருக்கும் சாண்ட் வெட்ஜ் அந்த ஈயத்திலிருந்து வந்தது.

ஆனாலும் மூன்று வெட்ஜ்கள் வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது; 50-ஐயும் 58-ஐயும் சேர்த்தால் எதை வெளியே எடுப்பீர்கள்? இடைவெளியை அடைக்க 50 வேண்டும் என்ற உங்கள் வாதம் வலுவானது, அதில் நான் தோற்றுவிட்டேன். 58-ஐ ஒருபோதும் ஏற்க மாட்டேன். சாய்வு கூடக் கூட, அதே தொலைவுக்கு இன்னும் நீளமாக, இன்னும் வேகமாக வீச வேண்டும். வீச்சு பெரிதானால் பிழையும் பெரிதாகும். தினமும் பயிற்சி செய்யும் தொழில்முறையினருக்கு அது ஆயுதம். வாரத்தில் ஒருநாள் ஆடும் நமக்கு, 30 கஜத்தில் பந்தைத் தாழ அடித்து உருட்டிவிடுவதே பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பழைய 56-ஐச் சோதிக்கும் முன் பல்துலக்கும் பிரஷால் கோடுகளிலிருந்த மண்ணை எடுத்தீர்களா? அதன் கிரிப் (கைப்பிடி உறை) ஒன்பது ஆண்டுப் பழையதா? புதியதன் கிரிப் கையில் ஒட்டுவதும் பழையதன் கிரிப் வழுக்குவதும் உங்கள் முடிவுக்குள் புகுந்திருக்கலாம்.

மணற்குழி:

ஐந்து மாதங்கள் கழித்து மீண்டும் எழுதுகிறேன். 50 டிகிரி வெட்ஜை வாங்கிவிட்டேன். என் 5-ஐயர்னை வெளியே எடுத்தேன், ஒருநாளும் அதைத் தேடவில்லை. 90 கஜத்தில் இப்போது முழு வீச்சு ஒன்று இருக்கிறது என்ற நிம்மதியே பெரிது. 58-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐயா சொன்னது சரிதான்.

56-க்கும் 54-க்கும் உள்ள வழக்கு மட்டும் முடியவில்லை. பழையதைச் சுத்தம் செய்து, புதிய கிரிப் போட்டு, வடகிழக்குப் பருவமழையின் முதல் வாரத்தில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். தரை இளகியிருந்தது. நுவரெலியா நண்பர் எழுதியபடியே 54 இரண்டு முறை மண்ணில் புதைந்தது. பழையது ஒருமுறைகூடப் புதையவில்லை. ஆனால் பழையது அடித்த பந்து ஒவ்வொன்றும் உயரமாகப் போய், கிரீனில் விழுந்து, நிற்காமல் பின்விளிம்பு வரை ஓடியது. 54-இல் நன்றாகப் பட்ட பந்து இரண்டாம் துள்ளலிலேயே பிடித்து நின்றது. எனக்கு வேண்டியது பழையதன் அடிப்பாகமும் புதியதன் முகமும்தான் என்று இப்போது தோன்றுகிறது. பவுன்ஸ் 12 டிகிரியில் புதிய 56 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

பழைய இரும்பு:

வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் வாருங்கள், தம்பி. பழைய 56-ஐயும் கடையில் கேட்டு அந்தப் புதிய 56-ஐயும் எடுத்து வாருங்கள். இரண்டுக்கும் ஒரே கிரிப் போட்டு, பின்புறத்தில் உள்ள எண்ணையும் பெயரையும் கறுப்பு டேப்பால் மறைத்துவிடுவோம். எது எது என்று சொல்லாமல், மட்டைப் பையைச் சுமக்கும் கேடி ஒவ்வொன்றாக உங்கள் கையில் கொடுக்கட்டும். நீங்கள் மட்டையின் முகத்தைப் பார்க்காமல் கொடியை மட்டும் பார்த்து அடியுங்கள். டேப் பிடித்து அளப்பது என் பொறுப்பு. யூரித்தேன் பந்துகள் இரண்டு டஜன் என்னிடம் இருக்கின்றன.