குடிநோய் பரம்பரையா, தோட்ட லயத்து வாழ்க்கையா? ஒரு விவாதம்

பதுளை மாணவி:
குடிநோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க, ஆய்வாளர்கள் கென்னத் புளம், ஏர்னஸ்ட் நோபிள் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வை இங்கே பேச விரும்புகிறேன். இறந்தவர்களின் 70 மூளை மாதிரிகளில் பாதி குடிநோயாளிகளுடையவை. மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற இரசாயனத்தை ஏற்கும் புரதத்துக்குரியது டிஆர்டி2 மரபணு. அதன் ஏ1 வடிவம் குடிநோயாளிகளின் மாதிரிகளில் 69 சதவீதத்தில் இருந்தது. ஏனையவற்றில் 20 சதவீதத்தில் மட்டுமே இருந்தது. என் அப்பா சம்பள நாளில் தவறணையை, அதாவது மதுக்கடையை, தாண்டி நேராக வீட்டுக்கு வந்ததில்லை. எங்கள் தேயிலைத் தோட்டமே அவரை மானங்கெட்டவர் என்றது. நோயாளி என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சொல் எங்களுக்கு முன்பே கிடைத்திருந்தால் அம்மா இத்தனை வருடம் வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

ஹட்டன் ஓய்வுநிலை ஆசிரியர்:
மகள், உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆய்வின் பிற்பகுதியையும் சொல்ல வேண்டும். பின்வந்த பலரால் அதே முடிவைப் பெற முடியவில்லை. அந்த ஏ1 அடையாளம் உண்மையில் டிஆர்டி2இல் அன்றி, பக்கத்திலுள்ள ஏஎன்கேகே1 மரபணுவில் இருப்பதும் பின்னர் தெரியவந்தது. தோட்டத்து ஆட்கள் பிறவிக் குடிகாரர்கள் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பழிக்கு விஞ்ஞானத்தின் முத்திரையும் விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். "எங்கள் பரம்பரையே இப்படித்தான், சேர்" என்று சொல்லிப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பையனை நான் மறக்கவில்லை.

பதுளை மாணவி:
ஒற்றை மரபணு என்ற எண்ணம் பிழையென்று ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆயினும் பரம்பரைத் தாக்கம் பொய்யாகிவிடாது. பெற்றோரில் ஒருவர் குடிநோயாளியாக இருக்கப் பிறந்து வேறு குடும்பங்களில் வளர்ந்த டென்மார்க் ஆண்களை குட்வின் என்ற ஆய்வாளர் 1973இல் ஆராய்ந்தபோது, அவர்களிடையே குடிநோய் மற்றத் தத்துப்பிள்ளைகளைவிட ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்க முன்னாள் படைவீரர் 2,74,000க்கும் அதிகமானோரை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு குடிக்கும் அளவோடோ குடிநோயோடோ தொடர்புடைய 18 இடங்களை மரபணுத்தொகுதியில் காட்டியது; ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

நுவரெலியா தாதி:
ஆய்வாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்த, வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படைவீரர்களையும் நினைத்துப் பாருங்கள். அங்கே ஏறக்குறைய ஐவரில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தும், ஊர் திரும்பியபின் பெரும்பாலானோர் மீண்டும் அடிமையாகவில்லை. மரபணு மாறவில்லை, இடம் மாறியது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், ஓர் அறைக்குள் முழுக் குடும்பமும் நெருங்கிப் படுக்க, வெளியே கசிப்பு என்ற கள்ளச்சாராயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இடத்தை விட்டுவிட்டு மரபை மட்டும் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஹட்டன் ஓய்வுநிலை ஆசிரியர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். இரட்டையர் ஆய்வுகள் சொல்லும் 'பாதி' என்பது ஒரு மக்கள்கூட்டத்திலுள்ள வேறுபாட்டின் அளவு. தனியொருவன் குடிகாரனாவதற்கான வாய்ப்பின் அளவன்று. இதை விளக்காமல் பிள்ளைகளிடம் அந்த எண்ணைச் சொல்லவே கூடாது.

பதுளை மாணவி:
விளக்கிச் சொல்வேன், ஐயா, சொல்லாமல் விடமாட்டேன். தம்பிக்குப் பதினாறு வயதாகிறது. கூட்டாளிமாரைவிட அவனுக்கு அபாயம் கூடுதலாக இருக்கலாம் என்பதை முதல் கிளாஸ் மதுவுக்கு முன்பே அவன் அறிய வேண்டும். அப்பாவுக்கு அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.