குழி விழுந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல்: எண்ணெய்ப் படலம் நிலைக்கவில்லை

பாலக்கோட்டில் எங்கள் வீட்டிலுள்ள, ஒற்றைக் கைப்பிடி கொண்ட 12 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல், பல ஆண்டுகள் ஈரமான பின்கட்டில் கிடந்து துருவேறிப்போனது. தைப் பொங்கல் முதல் அதைச் சீராக்க முயன்றும் நடுப்பகுதி வசப்படவில்லை. கல்லில் முத்திரை ஏதும் இல்லை. தட்டினால் கணீரென ஒலிக்கிறது. ஆகவே விரிசல் இராது என்றே கருதுகிறேன்.

வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, அவ்வப்போது எடுத்துப் பார்த்தவாறே ஊறவைத்து, இரும்பு நாரால் தேய்த்ததில் செந்துரு முழுவதும் நீங்கியது; ஆனால் நடுவில் மிளகளவுக் குழிகள் வெளிப்பட்டன. பின்னர் வடிகஞ்சியில் ஊறவைத்துக் கழுவி, உடனே அடுப்பில் உலர்த்தி, நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்து, புகை அடங்கும்வரை சூடாக்கினேன். ஆளிவிதை எண்ணெயிலும் அவ்வாறே செய்தேன். பளபளப்பு வந்ததே தவிர, சில வாரங்களில் படலம் செதில் செதிலாக உரிந்தது. வெங்காயம் தேய்ப்பது அன்றைய தோசைக்கு மட்டுமே உதவுகிறது.

இப்போது ஓரங்களில் தோசை எளிதாக எழும்புகிறது. நடுவிலோ, குறிப்பாகக் கேழ்வரகுத் தோசை, குழிகளில் ஒட்டிக் கிழிந்து கருஞ்செதில்களோடு வருகிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. கழுவியதும் துடைக்காவிட்டால் குழிகளில் மட்டும் துரு திரும்புகிறது. எரிவாயு அடுப்பைத் தவிர வேறு அடுப்பு இல்லை.

லேத் பட்டறையில் கொடுத்து மேற்பரப்பைச் சீவலாம் என்கிறார்கள். கல் மெலிந்துவிடும் என்பதால் எனக்கு அதில் மனமில்லை. சீவாமல், இக்குழிகளோடேயே படலம் நிலைக்கும்படி பழக்கியவர்கள் எந்த எண்ணெயை, எம்முறையில் பயன்படுத்தினீர்கள்?